படகுக்குப் புதுமனை புகுவிழா

ஏரிக்கரையை விட்டு இறங்கித் தார்ச்சாலையைத் தொட்டபோது என் கால்சட்டை இடுப்பு வரை நனைந்திருந்தது. தோளில் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு டார்ச். பின்னால் சார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மறுபடியும் தண்ணீரில் இறக்கிவிட்டிருப்பார்.

சார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வேங்கிக்காலில் மாடி வீடு. இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, அவரும் அவர் வீட்டம்மாவும் ஒரு வாரம் கால்வாய்ப் படகில் தங்கியிருக்கிறார்கள். நீளமான, ஒடுக்கமான படகு. உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. நடக்கிற வேகத்தில்தான் போகுமாம்.

"வீட்டையே வித்துட்டுப் படகுல குடியிருக்காங்கப்பா அங்க" என்று செங்கம் ரோட்டு டீக்கடையில் என்னைப் பிடித்தபோது சொன்னார். நான் ஏதோ ஒரு அணைக்கட்டில் மிதிபடகு தள்ளியவன் என்று கடைக்காரர் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஒரு இடத்தில் நிலைத்து வேலை செய்து பழக்கமில்லை. அப்போது பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்தேன். அதே மாதிரி படகு ஒன்று செய்து ஏரியில் விட்டிருக்கிறேன், அதிலேயே படுத்துக்கொள், காவலுக்கும் ஆச்சு என்றார். போனேன்.

இரும்பு கேட் அடிக்கிற பட்டறையில் படகைச் செய்திருந்தார்கள். ஜன்னலுக்கு மயில் போட்ட வீட்டுக் கிரில். மழை நன்றாகப் பெய்த வருஷம், ஏரி நிறைந்திருந்தது. சார் தலையில் தொப்பியும் கையில் சுக்கானுமாக ஏரியைச் சுற்றிச் சுற்றி வருவார். இங்கிலாந்தில் எதிரே வருகிற படகுக்காரர்கள் எல்லாம் கை ஆட்டுவார்களாம். இங்கே எதிரே வர வேறு படகு ஏது? என்னைக் கரையில் நடந்து கை ஆட்டச் சொன்னார். துணி துவைக்கிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நானும் ஆட்டினேன். வேலை என்றால் வேலை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா படகுக்கு வர வேண்டும். அங்கே ஒரு வாரம் சிரித்துக்கொண்டே இருந்தாளாம், கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லையாம். அதற்காகத்தான் இத்தனை இரும்பும்.

அம்மா ஒருநாள் கரை வரை வந்தார். போனில் திசை பார்த்தார்.

"அடுப்பு அக்னி மூலையில இல்லியே."

சார் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரில் இறங்கிப் படகைத் திருப்பினேன். அடுப்பு தென்கிழக்குக்கு வந்தது. அம்மா தலையை ஆட்டுவதற்குள் காற்று அதைக் கொண்டுபோய் வேறு பக்கம் நிறுத்தியது.

"இப்ப கட்டில்ல படுத்தா கால் மலைப் பக்கம் இருக்கும். தல வடக்கால இருக்கும்."

ஏரிக்குத் தெற்கே, ஊரே சாமியாகக் கும்பிடுகிற மலை. ஊரில் எங்கே படுத்தாலும் மலைக்குக் கால் நீட்டாமல் படுக்கிறவர் அவர்.

"லண்டன்ல மட்டும் எப்படிப் படுத்த?" என்றார் சார்.

"அங்க எந்தப் பக்கம் நீட்டினா என்ன? இங்க மலை பாக்குது."

கரையோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தோம். அடுப்பு வடமேற்குக்குப் போனது. இரண்டு பக்கமும் மணல் மூட்டை கட்டிப் போட்டோம். மூட்டை சேற்றில் இழுபட்டு வந்தது. கடைசியில் நானே மூட்டையானேன். அம்மா வருகிறார் என்று போன் வந்தால் நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முறைப்படி புதுமனை புகுவிழா செய்தால் ஒருநாள் இருந்து பார்க்கிறேன் என்று அம்மா ஒத்துக்கொண்டார். நான் கிளம்பிய அன்று காலை அதுதான் நடந்தது. ஐயர் குழம்பிப்போனார்.

"வீட்டுக்குச் செய்யறது தெரியும், வண்டிக்குச் செய்யறது தெரியும். இது என்னங்க?"

"ரெண்டையும் பண்ணிடுங்க" என்றார் சார்.

வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். தண்ணீரில் வைத்தால் பழம் மிதந்து போகிறது. என்னைப் பழத்தோடு படகுக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படகு என் மேலேயே வந்தது. நெஞ்சில் அடி. பழம் நசுங்கவில்லை.

பிறகு வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். நான் பின்பக்கம் ஓடிப் பிடித்துக்கொண்டேன். பால் கிழக்கே பொங்க வேண்டும். பொங்கி வருகிற நேரம் பார்த்துக் காற்று தள்ளியது. சேற்றில் என் கால் வழுக்கியது. படகு சுழன்றது. பால் தெற்கே வழிந்தது.

"மலைப் பக்கம்தானே பொங்கிச்சு, நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"தெக்கு தெக்குதான். எறக்கி விடுங்க" என்றார் அம்மா. கரையில் ஏறியதும் திரும்பி நின்று சொன்னார்: "ஆடுற வீட்ல குடித்தனம் பண்ண முடியாது. நின்னா வரேன்."

ஐயரையும் கரையில் விட்டுவிட்டு வந்த சார் தொப்பியைக் கழற்றி வைத்தார். பிறகு போனை எடுத்து, வேலிக்கு நடுகிற கல்லுக்கால் நான்கு அனுப்பச் சொன்னார்.

"நாலு மூலையிலும் நட்டுப் படகை இறுக்கிக் கட்டிடு."

"சார், அப்புறம் அது படகில்ல. தண்ணி கம்மியானா சேத்துல உக்காந்துடும்."

"உக்காரட்டும்."

"அப்ப எதுக்கு சார் சுக்கான், தொப்பி, இதெல்லாம்?"

"தனியா ஓட்டி யாருக்குப்பா கை ஆட்டறது? அவ வரணும்."

அவருக்கு அது நியாயம்தான். ஆனால் கல்லைச் சேற்றில் தூக்கிக்கொண்டு போய் நட வேண்டியது நான்தானே. பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சாலையில் கொஞ்ச தூரத்தில் வேலிக் கல் விற்கிற கடை இருந்தது. வாசலில் இருந்தவர் என் ஈரத்தைப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஏரில வுழுந்துட்டியா?"

"வேல பாத்தேன்."

"ஏத்தி எறக்க ஆள் வேணும். நேத்து வரைக்கும் இருந்தவன் சொல்லாம கொள்ளாம போயிட்டான். நீ எப்படி?"

"நானும் அப்படித்தான் வந்திருக்கேன்."

சிரித்தார். படுப்பதற்கு, கல் அடுக்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார். ஆடாத இடத்தில் படுத்துப் பல நாள் ஆகியிருந்தது. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று பார்க்காமல் தூங்கினேன்.

மறுநாள் காலை முதல் லோடு ஒரு சின்ன வண்டியில் ஏறியது. நான்கு கல்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை. வண்டி தாரை விட்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பியபோது குதித்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கொட்டகை ஞாபகம் வந்தது.

கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தார், கையில் போன். பக்கத்தில் தொப்பியோடு சார்.

"வந்துட்டியா" என்றார், டீ குடிக்கப் போனவனைக் கேட்பது போல.

அம்மா போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"மொத கல்லு ஈசானிய மூலைலப்பா. பாத்து நடு."

வண்டிக்காரர் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைத் தோளில் வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.