வாசமில்லாத தரை

கைப்பேசித் திரையில் யூசுப் அண்ணனின் பெயர் தெரிந்தபோது நான் உட்லண்ட்ஸ் ரயில் மேடையில் நின்றிருந்தேன். காலையில் அவரிடமிருந்து செய்தி வந்தால் அது பெரும்பாலும் ஏதாவது ஒரு சோப்புப் புட்டியின் படமாக இருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் பெரிதாக்கி எடுத்திருப்பார். அன்று படம் இல்லை. அவருடைய மகள் எழுதியிருந்தார்: "அக்கா, அத்தா விடியக்காலைல மௌத்தாயிட்டாங்க. சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யூசுப் அண்ணன் எங்கள் நகர மன்றத்தின் கொள்முதல் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரர். துடைப்பம், கையுறை, விளக்கு, தரை கழுவும் மருந்து என்று குடியிருப்புப் பேட்டைக்கு எது தேவையானாலும் எங்கள் வழியாகத்தான் வரும். விலை குறைந்ததை வாங்கிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அண்ணன் முடிய விடமாட்டார். எந்தப் பொருளின் மாதிரி வந்தாலும் முதலில் எங்கள் அலுவலகக் கழிவறையில் நாங்களே அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். நான் சேர்ந்த முதல் வாரமே என் கையில் தரை துடைக்கும் மாப்பு ஒன்றைக் கொடுத்தார்.

"டிகிரி நனையாது லா, பயப்படாதீங்க."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் மாப்பு எனக்குப் புதிதல்ல. என் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். வாளியில் கலந்த தரை மருந்திலிருந்து எழுந்த பைன் மர வாசத்தில் சட்டென்று சிறுபிள்ளையாகிவிட்டேன்.

"இது எங்கம்மா வாசம் அண்ணே. இந்த வாசம் வந்தா அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு அர்த்தம்," என்றேன். யாரிடமும் அதிகம் பேசாதவள், அதை ஏன் சொன்னேனோ தெரியவில்லை.

அண்ணன் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு இருமல் இருக்காம்மா?" என்று கேட்டார்.

இருந்தது. இன்னும் இருக்கிறது.

அந்த ஆண்டு நாங்கள் வாங்கியது இருமலைக் கிளப்பும் வாசமே இல்லாத, கையை அரிக்காத ஒரு திரவம். விலை சற்று அதிகம் என்பதால் மேலாளர் அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டார். லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் இருக்கும் ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கில் முதலில் கொடுத்துப் பார்த்தோம். அங்கே தரை கழுவியவர் லெட்சுமி அக்கா. எல்லைக்கு அப்பாலுள்ள ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருபவர். விரல் வெடிப்பு ஆறிவிட்டதென்று கையை விரித்துக் காட்டினார். நாங்கள் மகிழ்ந்திருந்தபோது புகார்கள் வரத் தொடங்கின. தரையை யாரும் கழுவுவதே இல்லையாம்.

ஆள் எழும் முன்பே அக்கா கழுவி முடித்துவிடுவார். விடிந்து வருபவர்களுக்குக் காய்ந்த தரைதான் கண்ணில் படும். அதுவரை அவர்களுக்குச் சாட்சியாக இருந்தது பைன் வாசம். அதை நாங்கள் எடுத்துவிட்டோம். எடுத்ததைக் குடியிருப்பாளர்களிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதக் கடைசிக்குள் புகார் நிற்காவிட்டால் பழைய மருந்தே திரும்பும் என்றார் மேலாளர். துப்புரவுக் குத்தகைக்காரரோ லெட்சுமி அக்காவையே மாற்றிவிடுவதாகச் சொன்னார். வேலை போனால் அக்காவின் வேலை அனுமதியும் போய்விடும்.

அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு அந்தப் புளோக்குக்குப் போனார். புகார் எழுதியவர்களில் முதலாமவர், மூன்றாம் மாடி நடராஜன் ஐயா, மின்தூக்கிக்கு அருகே சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"தம்பி, மோந்து பாருங்க. ஏதாச்சும் வருதா?"

"வரல ஐயா."

"அப்ப கழுவல."

"கழுவினாங்க ஐயா. அந்த வாசத்தை எடுத்தது நான்தான். உங்ககிட்ட சொல்லாதது எங்க தப்பு. அந்தம்மா மேல பழி போடாதீங்க."

"ஆபீஸ்ல உக்காந்துகிட்டு நல்லா கதை விடுறீங்க லா!"

"ஏசியில உக்காந்தா கதைதான் வரும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நீங்களே வந்து பாருங்களேன்."

அண்ணன் வேறு மருந்து தேடவில்லை. கழுவும் நேரத்தை மாற்றச் சொன்னார். ஜனங்கள் சந்தைக்குப் போகிற நேரத்தில், அவர்கள் கண்ணெதிரே, நுரையும் தண்ணீருமாக. குத்தகைக்காரர் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். பாலத்தில் கூட்டம் சேரும் முன்பே வந்தாக வேண்டும் என்பதால் அக்கா புறப்படும் நேரம் கொஞ்சம்தான் தள்ளிப்போனது. ஆனால் வேலை தொடங்கும் முன் ஒரு தேத்தண்ணீருக்கு நேரம் கிடைத்தது. முதல் நாள் நடராஜன் ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். சில நாளில், "அந்த மூலை, அந்த மூலை," என்று அவரே வேலை ஏவ ஆரம்பித்துவிட்டாராம். மாதம் முடிவதற்குள் புகார்கள் நின்றன. அடுத்த ஒப்பந்தத்தில் எல்லாப் புளோக்குகளுக்கும் அதே திரவம் என்று முடிவானது. அன்று அண்ணன் அலுவலகத்துக்கே கறி பஃப் வாங்கி வந்து, "வாசம் வேணும்னா இதை மோந்துக்குங்க," என்றார்.

இறந்த செய்தி கேட்ட காலை, அவருடைய வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் புளோக்கில் இறங்கினேன். லெட்சுமி அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கேட்டதும் அவர் கையுறையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். அந்த வழியாக வந்த நடராஜன் ஐயா ஈரத்தில் படாமல் சைக்கிளைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"போயிட்டாரா? இனிமே நான் யாருகிட்ட சண்டை போடுவேன்," என்றார். சைக்கிளைக் கீழே வைக்க அவருக்கு நினைவு வரவில்லை.

அக்கா மீண்டும் கையுறையை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து கழுவினார். மூச்சை இழுத்துப் பார்த்தேன். பைன் இல்லை. தெருமுனைப் பூக்கடையின் மல்லிகையும், யார் வீட்டிலோ வதங்கும் வெங்காயமும் மட்டும் அந்த ஈரத்தின் மேலாக வந்துகொண்டிருந்தன.

நான் கிளம்பும்போது அந்த ஈரமும் வற்றியிருந்தது. தரை காய்ந்துவிட்டது, அண்ணே. நீங்கள் நடக்கலாம்.