காசு கட்டிய மென்பொருளில் என் மகளின் கல்யாண அட்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதுவது என் வேலையல்ல. மற்றவர்கள் எழுதிக்கொண்டு வருவதைக் கணினியில் தட்டிக் கொடுப்பதுதான் வேலை. வாடகை ஒப்பந்தம், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பம், ஒருமுறை ஒரு காதல் கடிதம். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம். பேசத் தேவையில்லை, எழுதினால் போதும் என்பதால் துணிந்தேன்.

நான் வேலை செய்யும் கடை கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. போட்டோகொப்பி, டைப்செட்டிங், கல்யாண அட்டை. முதலாளி அக்குறணையிலிருந்து வருகிறவர், முஸ்லிம், நல்ல மனிதர். நான் கலஹாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். பஸ்ஸில் யாரும் என்னோடு பேசாமல் இருப்பதற்காக யன்னலோர ஆசனம் பிடித்துத் தூங்குவது போல் இருப்பேன்.

இத்தனை காலமும் கடையில் இருந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டிய அலுவலக மென்பொருள். ‘வாங்க வேண்டிய’ என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். வாங்கியதாக யாருக்கும் நினைவில்லை. கணினி திருத்துகிறவர் ஒருவர் பூட்டுடைத்த பிரதி ஒன்றைப் போட்டுவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்த கடைகளில் எல்லாம் அப்படித்தான். இருந்தும் அதை நாங்கள் மிகுந்த மரியாதையோடு ‘ஒரிஜினல்’ என்றே சொல்லி வந்தோம்.

அந்த ஒரிஜினலின் தலையில் ஒரு நாள் சிவப்புப் பட்டை ஒன்று தோன்றியது. நீங்கள் களவுச் சாமான் பாவிக்கிறீர்கள் என்று அது ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னது. வாடிக்கையாளர் கண்ணில் படாமலிருக்க முதலாளி அந்த இடத்தில் ஒரு முருங்கைக்காய் அளவுக்கு ஒட்டுநாடா ஒட்டினார். பட்டை கோபித்துக்கொண்டதோ என்னவோ, சில நாட்களில் வாசிக்கலாம், எழுத முடியாது என்று மென்பொருளே கையை விரித்துவிட்டது. டைப்செட்டிங் கடையில் வாசிக்க மட்டும் முடிகிற கணினி, தேத்தண்ணிக் கடையில் பார்க்க மட்டும் முடிகிற தேத்தண்ணி மாதிரி.

திருத்துகிறவரைக் கூப்பிட்டோம். இனிமேல் பூட்டுடைப்பது கஷ்டம் என்றார். ஒன்று, வருடா வருடம் காசு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இலவசமாக ஒன்று இருக்கிறது, உலகம் முழுவதும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதியது, அதன் உள்வேலை முழுவதையும் யாரும் திறந்து பார்க்கலாம் என்றார். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை.

“சும்மா குடுக்கிறவன் ஏன் சும்மா குடுக்கிறான்? அதச் செல்லுங்க மொதல்ல,” என்றார். 

திறந்து கிடக்கிற சாமானில் கள்ளன் புகுந்தால் என்ன செய்வது என்றும் கவலைப்பட்டார். பூட்டுடைத்த சாமானை இத்தனை வருடம் வைத்திருந்தபோது அவருக்கு அந்தக் கவலை ஒரு நாளும் வந்ததில்லை. பிறகு வருடக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். திருத்துகிறவர் சொன்னார். கள்ளர் பயம், உலகத்தார் மீதான சந்தேகம் எல்லாம் அன்று பின்னேரமே தெளிந்துவிட்டது. இலவச மென்பொருள் கடைக்குள் வந்தது.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்கிறபடி என்றுதான் சொல்லியிருப்பேன். சில நாட்கள், பழகிய வீட்டில் யாரோ அலுமாரிகளை இடம் மாற்றி வைத்தது போல் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் என் மகளின் கல்யாணம் வந்தது. அவள் ஆசிரியை. அதே பாடசாலையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பி, எங்களுக்கு முடிவை மட்டும் அறிவித்தார்கள். பையனின் தகப்பன் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். அனிவத்தை மேட்டில் வீடு. நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அதெல்லாம் தனக்கு ஒரு விஷயமே இல்லை என்று அவர் என்னிடம் பலமுறை சொன்னார். ஒரு விஷயமே இல்லாததை ஒரு மனிதர் அத்தனை தடவை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் கல்யாண நாளை மட்டும் அவர் இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். முதல் தடவை மாதம் சரியில்லை. அடுத்த தடவை, அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவரின் ஆண்டுத் திவசம் இன்னும் முடியவில்லை. அந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பையனே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டானாம்.

மகள் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். “அப்பா, அவருக்குக் கோவம் வர்ற மாதிரி நம்ம பக்கத்துல எதுவும் நடந்துறக் கூடாது. ஒரு சாட்டு கெடச்சாப் போதும், மறுபடி தள்ளிருவாரு. இதுக்கு மேல என்னால ஸ்டாஃப் ரூம்ல பதில் சொல்ல முடியாது.”

முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போனபோது, கதிரையில் உட்காருவதற்கு முன்பே தாங்கள் சீதனம் எதுவும் வாங்கப்போவதில்லை என்று அறிவித்தார். நான் நன்றி சொன்னேன். பிறகு என் தொழிலைப் பற்றிக் கேட்டார். அவர் வீட்டில் ஒரு கணினி இருந்தது. பின்னல் துணி போட்டு மூடி, சாமிப்படம் போலப் பத்திரமாக வைத்திருந்தார். அதிலிருந்த மென்பொருளுக்கு வருடா வருடம் முறையாகக் காசு கட்டுகிறவர் அவர். ரசீதுகளைக் கோவையில் போட்டு வைத்திருந்தார்; எடுத்துக் காட்டினார். அப்படி ஒரு மனிதரை நான் கண்டியில் அதற்கு முன் கண்டதில்லை. மிருகக்காட்சிச்சாலையில் அபூர்வமான ஒன்றைப் பார்க்கிறவன் போல மரியாதையோடு பார்த்தேன். எங்கள் கடையில் என்ன பாவிக்கிறோம் என்று கேட்டார். இலவசமானது என்று சொல்லிவிட்டேன்.

“இனாமாக் கிடைக்கிறதிலை தரம் இராது, பாருங்கோ. நான் அப்பிடியான சாமானுகளைத் தொடுறதில்லை,” என்றார்.

சீதனம் வேண்டாம் என்று சொன்ன அதே வாய்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்காமலிருக்க நான் வடையைச் சாப்பிட்டேன்.

அட்டையை நான்தான் அடிக்க வேண்டும் என்பதில் இரு வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. இனாம்தானே. அச்சுக்குப் போகுமுன் தனக்கு அனுப்ப வேண்டும், திருத்த முடியாதபடி பூட்டிய கோப்பாக அனுப்பக் கூடாது, தானே பார்த்துத் திருத்துவார் என்று சம்பந்தி சொல்லியிருந்தார். அவருடைய பெயருக்குப் பின்னால் வர வேண்டிய பதவியையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். ஓய்வுபெற்ற என்று தொடங்கி, திணைக்களம், கிளை, மாகாணம் என்று போய், அடைப்புக்குறிக்குள் இன்னும் ஒரு பதவியோடு முடிந்தது.

நான் தட்டச்சு பழகியது பழைய மெஷினில். அதில் ஒரு சொல்லை அந்தப் பக்கம் தள்ள வேண்டுமென்றால் கீழே இருக்கிற, இடைவெளி விடுகிற நீட்டுக் கட்டையைத் தட்ட வேண்டும். கணினி வந்த பிறகும் அப்படியேதான் தட்டுகிறேன். இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் அவர்கள், நடுவில் நீட்டுக் கட்டை. முதல் வரியில் என் பெயர், அதற்கு நேரே அவர் பெயர். அடுத்த வரியில் என் மனைவி, அவருக்கு நேரே சம்பந்தி அம்மா. கடைக் கணினியில் இரண்டு குடும்பமும் பாடசாலைக் காலைக் கூட்டம் போல ஒழுங்காக நின்றன. அனுப்பினேன்.

மறுபடியும் போட்டோகொப்பி இயந்திரத்துக்குத் தாள் வைப்பதற்குள் தொலைபேசி வந்தது. உடனே வரச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. நான் வெளிறிப்போய் நிற்பதைப் பார்த்து முதலாளி கடையைச் சாத்திவிட்டுத் தானும் வந்தார். எனக்காக என்று அப்போது நினைத்தேன். கடையின் மென்பொருளுக்கு ஒரு பழி வரப்போகிறது என்று மோப்பம் பிடித்துத்தான் வந்தாராம்.

சம்பந்தி கணினித் திரையைக் காட்டினார். எங்கள் கணினியில் இருந்த எழுத்து வகை அவருடையதில் இல்லையாம். அதனால் அது தன்னிடமிருந்த கொஞ்சம் தடித்த எழுத்தைப் போட்டுக்கொண்டதாம். இதைக் கணினி திருத்துகிறவர் பிறகு விளக்கினார். அன்று நாங்கள் கண்டது விளைவை மட்டும். எழுத்துகள் தடித்ததில், அத்தனை பதவியையும் தாங்க முடியாமல் சம்பந்தியின் பெயர் முதல் வரியிலிருந்து விழுந்து, அடுத்த வரியின் இடப்பக்கத்துக்கு வந்திருந்தது. அதாவது, மேலே நான் தனியாக, கலியாணமாகாதவன் போல. அதற்குக் கீழே சம்பந்தி. அதற்குக் கீழே, அவரோடு சோடியாக, என் மனைவி. அந்தத் தம்பதியினரின் செல்வப் புதல்வி என் மகள். சம்பந்தி அம்மா மட்டும் வலப்பக்க மூலையில், துணையில்லாதவர் போலத் தனியே நின்றார். மங்கல அட்டையில்.

“இதென்ன கோலம்?” என்றார் சம்பந்தி. 

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாளைத் தள்ளிப்போட இதைவிட நல்ல சாட்டு அவருக்கு இனிக் கிடைக்காது என்பது மட்டும் தெரிந்தது. மகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

முதலாளி கடையில் எடுத்த அச்சுப் பிரதியை நீட்டினார். “எங்கட கம்பியூட்டர்ல சரியாத்தான் ஈக்கி சேர். ஒங்கட கம்பியூட்டர்தான் எல்லாரையும் கலச்சி வெச்சிருக்கு.”

அதற்குப் பிறகு கல்யாணத்தை யாரும் பேசவில்லை. இனாம் சாமானின் லட்சணம் இது என்றார் சம்பந்தி. காசு வாங்கிக்கொண்டும் ஒரு பெயரை இடத்தில் நிறுத்தத் தெரியாத சாமான் எதற்கு என்றார் முதலாளி. ஒருவர் உலகத் தொண்டர்களின் வக்கீலாகவும், மற்றவர் ஒரு பெரிய கம்பனியின் பங்குதாரர் போலவும் மாறிவிட்டார்கள். அந்த இரண்டு தரப்பும் இவர்கள் இருப்பதையே அறியாது. நான் கதிரையின் நுனியில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த சம்பந்தி அம்மா திரையைக் குனிந்து வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். 

“பரவாயில்லை. உங்களுக்குப் பக்கத்திலை வேறை ஒரு பேர் வந்தால் எனக்கும் கொஞ்சம் ஓய்வுதானே,” என்றார் கணவரிடம். 

முதலாளி இருமிச் சமாளித்தார். சம்பந்திக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா என்னிடம் கோப்பையைத் தந்து, குடிக்கச் சொல்லிவிட்டு, கணவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளையளின்ரை நாளைத் தள்ள இதையும் ஒரு சாட்டாக்கிப் போடாதேங்கோ. இனி நான் ஆருக்கும் பதில் சொல்ல மாட்டன்.”

“ஆர் தள்ளுறது? நான் முறையைத்தான் சொல்லுறன்,” என்றார் அவர். ஆனால் சத்தம் குறைந்திருந்தது. 

தன்னுடைய கணினியிலேயே, காசு கட்டிய மென்பொருளிலேயே, தன் கண் முன்னால் நான் அதைத் திரும்ப அடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கதிரையில் கிடந்த பின்னல் துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய மேடை நான் ஏறியதில்லை. என் பெயரை அடித்தேன். பிறகு வேறு வழி தெரியாமல் நீட்டுக் கட்டையைத் தட்டத் தொடங்கினேன். 

“நில்லுங்கோ. நீங்களும் உப்பிடித் தட்டித் தட்டித்தான் தள்ளுறனீங்களோ?” என்றார் சம்பந்தி.

“ஆமாங்க சேர்.”

அவர் குனிந்து நீட்டுக் கட்டையைப் பார்த்தார். “நானும் உப்பிடித்தான்,” என்றார். அவர் வேலை செய்த கந்தோரில் அவருடைய தட்டச்சாளர் காட்டித் தந்ததாம். அன்றிலிருந்து எல்லாக் கடிதமும் அப்படித்தானாம்.

“அப்ப சேர் வருஷா வருஷம் காசு கட்டுறது இந்த நீட்டுக் கட்டைக்கா?” என்றார் முதலாளி. சம்பந்தி அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். 

இலவசமோ காசோ, நாங்கள் இருவரும் பாவித்துக்கொண்டிருந்தது பழைய தட்டச்சு மெஷினைத்தான் என்று அன்று விளங்கியது. அதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை; அவருக்கு விருப்பமில்லை.

கடைசியில் அவரே வழி சொன்னார். “பக்கத்திலை பக்கத்திலை வைச்சால்தானே இந்தக் கரைச்சல். ஒண்டுக்குக் கீழை ஒண்டாப் போடுவம்.” 

சொன்ன பிறகுதான் அடுத்த கேள்வி அறைக்குள் வந்து நின்றது. யார் மேலே, யார் கீழே? முதலாளிகூடத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்க்கத் தொடங்கினார். நீங்கள் மேலே இருங்கள் என்று சொல்ல நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர், “அழைக்கிறது பொம்பிளை வீட்டார். உங்கடை பேர் மேலை வரட்டும்,” என்றார்.

தோட்டத்துக்காரனின் பெயரைத் தன் பெயருக்கு மேலே வைத்த பெருந்தன்மையை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அடித்து முடித்துப் பார்த்தால், கீழே அகலம் முழுவதும் அவருக்கே கிடைத்திருந்தது. அத்தனை பதவியும் அடைப்புக்குறியோடு ஒரே வரியில் நீட்டி நிமிர்ந்து நின்றது. பெருந்தன்மையா, இடவசதியா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அச்சுப் பிரதி எடுத்து, பேனாவைத் திறந்து, மூலையில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணத் தேதியின் கீழே ஒரு கோடும் இழுத்தார். கந்தோர்ப் பழக்கம். 

வெளியே வந்ததும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன சொன்னார் என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றேன். நாள் மாறவில்லையே என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழுதாளா, பாடசாலை மணி அடித்ததால் வைத்தாளா தெரியவில்லை, தொடர்பு நின்றுவிட்டது.

அடுத்த நாள் காலை மழை. அட்டையை அச்சகத்தில் கொடுத்தேன். பின்னேரம் நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன்.