சிம்பலில் இழுத்த வில்

அந்த வருடம் பாதுகாப்பு வாரத்துக்கு எங்கள் தொழிற்சாலையில் நாடகம் போடச் சொன்னார்கள். நான் அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்தில் இறங்கும்போதே எனக்குப் பாதி நாள் முடிந்துபோன அசதி வந்துவிடும். அது மாதக் கடைசி வேறு. "அக்கவுண்ட்ஸ் மேடம் வயலின் வாசிப்பாங்க" என்று யாரோ ஹெச்.ஆரில் சொல்லி வைத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் வாசித்ததுதான். பரணில் கிடந்து, வெயிலில் பசை விட்டு, வயலினின் மேல்பலகை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

நாடகப் பொறுப்பை எடுத்திருந்தவர் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர். மனைவியையும் குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு மறைமலை நகரில் அறையெடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பார்.

"வயலின் வேண்டாம் மேடம். வில்லு நல்லா இருக்குல்லா? அது போதும்."

"வில்லை மட்டும் வச்சுண்டு என்ன பண்றது?"

"சிம்பல்ல இழுப்போம், டிரம்ஸோட நிக்குமே அந்தப் பித்தளைத் தட்டுல. போன்ல பாத்தேன். கேட்டா நமக்கே ஒரு மாதிரியா இருக்கும்."

நாடகம் காதடைப்பான் பற்றியது. அதைப் போட்டுக்கொள்ளாமல் மெஷின் பக்கத்தில் நிற்கும் ஒருவனுக்குக் காது கெட்டுப்போவதாகக் கதை. கெட்டுப்போன காதில் என்ன கேட்கும் என்பதற்கு அவருக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

சர்ச்சில் ஓரத்தில் விரிசல் விட்டதென்று ஒதுக்கி வைத்திருந்த பித்தளைத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனோம். அவர் தட்டைத் தாங்கியில் மாட்டி, அதன் ஓரத்தில் வில்லை வைத்து ரம்பம் போல அறுத்தார். கரகரவென்று தேய்ந்ததே தவிர ஒன்றும் வரவில்லை. வில்லின் முடி ரெண்டு அறுந்து தொங்கியது. எனக்குப் பசி. உள்ளே போனால் போதும் என்றிருந்தது.

"இப்படிக் குடுங்கோ," என்று வாங்கினேன்.

முடியில் பிசின் கட்டியை நன்றாகத் தேய்த்தேன். தட்டின் நடுக்குமிழை இடதுகையால் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் வில்லை நிறுத்தி, மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினேன். முதலில் ஒன்றுமில்லை. பாதி வில் போன பிறகு எங்கிருந்தோ கிளம்பி ஒரு மெல்லிய சத்தம் வந்தது. அது ஏறிக்கொண்டே போனது. வில்லை எடுத்த பிறகும் நிற்கவில்லை. டிபன் டப்பாவோடு போய்க்கொண்டிருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"யம்மா!" என்றார் திருநெல்வேலிக்காரர். "மேடம், இத நீங்கதான் வாசிக்கணும்."

எனக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

நாடகத்தன்று கேன்டீனில் மொத்த ஷிப்டும் உட்கார்ந்திருந்தது. காது கெட்டவனாக நடித்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்ததும் நான் வில்லை இழுத்தேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். முன்வரிசையில் எங்கள் ஸ்டோர்காரர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளைப்பாக்கத்துக்காரர். யாரோடும் அதிகம் பேசமாட்டார், கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். கர்வம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

முடிந்து நான் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"மேடம், இது எப்டி உங்களுக்குத் தெரியும்?"

"எது?"

"இந்தச் சத்தம்." காதைத் தொட்டுக் காட்டினார். "இங்க கீது. இதுக்கு முன்னாடி வேற கம்பெனில, பிரஸ் ஷாப்ல, தகடு அடிக்கிற மெஷினாண்ட இருந்தேன். அப்போ வந்தது. இன்னும் நிக்கல. வூட்ல சொன்னா நம்ப மாட்டேன்றா. நான் வேணும்னே கேக்காத மாதிரி இருக்கறேன்னு சண்டை." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "ஒரு தபா வூட்டுக்கு வந்து அவளுக்குக் கேக்க வைக்கிறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு ஓய்வு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சர்ச் முடிந்து திருநெல்வேலிக்காரர் தட்டோடு வந்தார். ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டோர்காரரின் மனைவி எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "இன்னாங்க இது, தாம்பாளம் மாதிரி?" என்று சிரித்தார். நான் வாசித்தேன். அந்தச் சின்ன அறையில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு நின்றது. அந்தம்மாவின் சிரிப்பு போய்விட்டது. தட்டின் ஓரத்தைக் கையால் இறுக்கிப் பிடித்து நிறுத்தினார்.

"இத்தையா கேட்டுகினு கீற?"

ஸ்டோர்காரர் தலையாட்டினார்.

"எப்பவுமா?"

"தூங்கும்போது தெரியாது."

அந்தம்மா தட்டை விடவில்லை. "சொல்லிக்கினுதான் இருந்தே," என்றார். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். நாங்கள் சாப்பிட்டோம். கணவருக்குப் பரிமாறும்போது மட்டும் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே அந்தம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். பில்லில் கையெழுத்து வாங்க ஸ்டோருக்குப் போனபோது விசாரித்தேன்.

"முழுசா போகாதாம் மேடம். பழகிக்கணுமாம்," என்றார். பிறகு, "இப்போ அவ என் கிட்ட வந்து பேசறா," என்றார்.

என் மேஜையில் வவுச்சர்கள் குவிந்து கிடந்தன. கையெழுத்தை வாங்கிக்கொண்டு படியேறினேன்.