என் கழுத்து எத்தனை அடி?

போன வியாழக்கிழமை காலை, காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ஓர் இளம்பெண் உள்ளே வந்தார். தலையில் தொப்பி, காலில் மண் அப்பிய ஷூ, கையில் டேப்.

"சார், தரையிலேர்ந்து உங்க கழுத்து எவ்ளோ உயரம்னு அளக்கணும்."

டெய்லர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை!

வந்தவர் பெயர் தேன்மொழி. நெடுஞ்சாலைத் துறை என்ஜினீயர். சிதம்பரம் போகும் சாலையைக் கடலூர் ஊருக்குள்ளேயே அகலப்படுத்தி, எங்கள் ரயில்வே கேட்டுக்குக் கீழே சுரங்கப்பாதை போடத் திட்டம் தயாராகிறது. அந்த வேலையாகத்தான் தெருத்தெருவாக அலைகிறார்.

எங்கள் கேட்டில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். கேட் மூடியதும் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, டூவீலர் எல்லாம் இரண்டு பக்கமும் சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும். கேட் திறந்தால் எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளும். ரயில் அடுத்த ஸ்டேஷனுக்கே போயிருக்கும், நாம் அங்கேயே நிற்போம். நடுவில் மாட்டிய ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே இருக்கும்.

சரி, சுரங்கப்பாதைக்கும் என் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

தேன்மொழி ஃபைலைத் திறந்தார். உள்ளே ஒரு பேப்பர் கட்டிங். பார்த்தால்... நான் பேப்பரில் வாராவாரம் எழுதும் இதே பத்தி! ஒரு பெருமழை வாரத்தில் நான் எழுதியது. 'கடைத்தெருவில் கழுத்தளவு தண்ணீரில் நீந்தி வீடு வந்து சேர்ந்தேன்' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

"ஆத்துல எவ்ளோ தண்ணி வந்துதுன்னு ரெக்கார்டு இருக்கு சார். உங்க கடைத்தெருவுல எவ்ளோ நின்னுதுன்னு ஜனங்ககிட்டதான் கேக்கணும். ஒருத்தர் முட்டிங்கறாரு, ஒருத்தர் இடுப்புங்கறாரு. யாரு முட்டி, யாரு இடுப்பு? அதான் சொன்னவங்களையே நிக்க வெச்சு அளந்துட்டு வரேன்."

காபியைக் கீழே வைத்தேன். அந்த நாளில் என் கழுத்து, சட்டைக் காலரோடு, காய்ந்தபடிதான் வீடு வந்து சேர்ந்தது. எழுதும்போது ஒரு வேகத்தில் வந்து விழுந்த வார்த்தை அது. இத்தனை வருஷத்தில் என் எழுத்தை ஒருவர் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டதும் இதுதான் முதல் தடவை.

"கழுத்துன்னே வெச்சிக்குங்களேன்... கொஞ்சம் கூடுதலா இருந்தா நல்லதுதானே?" என்று மழுப்பினேன்.

அவர் டிராயிங்கை விரித்தார். சுரங்கத்தின் வாயை வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கிவைத்துவிட்டுத்தான் சாலையைக் கீழே இறக்க முடியுமாம். வாய் உயர உயர, ஏறி இறங்கும் சரிவும் நீளும். கழுத்தளவு என்றால் கேட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள கடை வரிசையே போய்விடும். விரல் வைத்துக் காட்டினார். மூன்றாவது கடை, என் மச்சான் ஏழுமலையின் பேட்டரி கடை. என் மனைவியின் தம்பி, அந்த ஒரு கடையை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறான்.

என் ஒரு வார்த்தை மச்சான் கடையை இடிக்கப் பார்க்கிறது!

விஷயம் கேட்டு ஏழுமலை பறந்து வந்தான். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "மாமா, கணுக்கால்னு சொல்லிடு மாமா. உனக்குப் புண்ணியமா போவும்" என்றான்.

அது தேன்மொழியின் காதில் விழுந்துவிட்டது. கோபப்படவில்லை. "அண்ணா, கம்மியா சொன்னா கடை நிக்கும். ஆனா மழை நாள்ல தண்ணி சுரங்கத்துக்குள்ள எறங்கும். அந்நேரம் உள்ள ஒரு ஷேர் ஆட்டோ இருந்துச்சின்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். அவன் மகள் தினமும் ஷேர் ஆட்டோவில்தான் காலேஜ் போகிறாள்.

"சரிம்மா, கழுத்து பொய். ஆனா சரியா எவ்ளோன்னு எனக்கு ஞாபகமில்ல" என்றேன். கேவலமாகத்தான் இருந்தது.

"அன்னிக்கு என்ன கட்டியிருந்தீங்க சார்?"

"வேட்டி. மடிச்சுக் கட்டியிருந்தேன்."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல். "ஓரம் நாலு வெரக்கடை நனைஞ்சி, சேறு. தொவைச்சது நானு. எனக்கா தெரியாது?"

அவ்வளவுதான். தேன்மொழி என்னை நேராக மச்சான் கடை வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டார். அன்று நடந்து வந்த இடத்தில் நின்று, அன்று மாதிரியே வேட்டியை மடித்துக் கட்டினேன். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. தேன்மொழி ரோட்டில் மண்டியிட்டு, தரையிலிருந்து வேட்டி ஓரம் வரை அளந்தார். அதோடு விட்டாரா? கையை நீட்டச் சொல்லி என் நாலு விரலையும் அளந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதே கடைத்தெரு பூக்காரம்மா அன்னிக்கு கூடைய ஸ்டூல் மேல ஏத்தி வெச்சிருந்தாங்களாம். தண்ணி ஸ்டூலைத் தொட்டுச்சி, கூடையத் தொடலியாம். அந்த ஸ்டூலும் உங்க வேட்டியும் ஒத்து வருது சார்."

"அப்போ கடை?" என்று கேட்டான் ஏழுமலை.

"படி போவும்ணா. கடை தப்பிக்கும்னு நெனைக்கறேன். இன்னும் பத்து பேரைக் கேட்டுட்டு எழுதி அனுப்பறேன். முடிவு மேல எடுப்பாங்க."

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "எங்க ஊரு புவனகிரி சார். வெள்ளாத்துல தண்ணி வந்தா ஆளுக்கு ஒரு அளவு சொல்லுவாங்க. கேட்டே வளர்ந்தேன்" என்று சிரித்துவிட்டு, அடுத்த தெருவுக்கு வெயிலில் நடந்தார்.

திட்டம் போடுவது என்றால் ஏசி அறையில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது என்றே நானும் நினைத்திருந்தேன், கிண்டலும் அடித்திருந்தேன். ஒரு ஸ்டூலையும் ஒரு வேட்டியையும் சாட்சிக்குக் கூப்பிட்டு ஒரு சுரங்கத்துக்கு வாய் வைக்கிறார் இந்தப் பெண். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இப்படி அளக்கிறவர்கள் இருக்கும்வரை ஊர் பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே, தாமதமாக ஒரு திருத்தம். அந்த மழையில் எங்கள் கடைத்தெருத் தண்ணீர் என் முழங்கால் வரைதான் வந்தது... கழுத்து வரை வந்தது, போன வியாழக்கிழமை, வெட்கம்!