தைப்பூசத்துக்கு ஏழு பேர், பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தி

1. அட்டை

அந்தப் பெண் குனிந்து அட்டையைத் தூக்கினாள். என் ஐந்து மாதத் தந்திரம் அதோடு முடிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு காடி யார்டில் விற்பனையாளனாக இருந்தேன். மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். வாடிக்கையாளர் வராத நேரத்தில் படிப்பேன் என்று சொல்வது மரியாதை. படிக்காத நேரத்தில் காடி விற்றேன் என்பதுதான் உண்மை.

யார்டின் கடைசி மூலையில் ஒரு மஞ்சள் காடி நின்றது. ஜப்பானில் செய்தது. இரண்டு கதவு, ஆயிரம் சிசி. முன்பு வைத்திருந்தவர் ஓர் இளம் டாக்டர். எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்தால் விரலில் கறை ஒட்டாது. ஒரே குறை, நம்பர் பிளேட்டில் நாற்பத்து நான்கு. எங்கள் முதலாளியான தவுக்கேயின் சீன மொழியில் நான்கு என்றால் சாவு என்றே காதில் விழும், அதில் இரண்டு. நம் ஆட்களோ நாலையும் நாலையும் கூட்டி எட்டு என்று கண்டுபிடித்து, சனி என்று சொல்லி நடையைக் கட்டுவார்கள். இரண்டு இனமும் ஒரே மனதாக ஒதுக்கிய பொருள் ஈப்போவில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தவுக்கே அதன் நிழலில்கூட நிற்க மாட்டார். "யாராச்சும் கொண்டுபோனா போதும்லா" என்பார், தூரத்திலிருந்து.

ஆகவே நம்பருக்கு முன்னால் 'சலுகை விலை' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டிருந்தேன். ஆள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, காடி மேல் ஆசை வந்த பிறகு அட்டையை எடுப்பது என் திட்டம். அந்தக் கட்டம் வரை எவரும் வந்ததில்லை.

2. சாவி

அட்டையைத் தூக்கியவள் பெயர் கலாவதி. இருபத்திரண்டு வயது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கூட அவள் அப்பா. முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் டவுனுக்குக் குடிவந்தவர். மூன்றாமவர் வேலு மாமா, அவளுடைய தாய்மாமன். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பமாக வந்தால் சாவியை மூத்த ஆம்பளை கையில் கொடுக்க வேண்டும். காடியை ஓட்டப்போவது யார் என்பது அதற்குப் பிறகு வரும் சங்கதி. நானும் வேலு மாமாவைப் பார்த்த உடனே, பெரிய சாம்பல் நிறக் காடியின் சாவியை அவரிடம் நீட்டிவிட்டேன். அதில் எனக்குக் கமிஷனும் அதிகம். இதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

"இதான் காடி!" என்று மாமா கதவைத் தட்டினார். "ஏழு பேரு தாராளமா ஒக்காரலாம். தைப்பூசத்துக்கு வருசா வருசம் பினாங்குக்கு லாரியில நின்னுக்கிட்டே போறோம், தம்பி. இடுப்பு போச்சு."

"தைப்பூசத்துக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குங்க" என்றேன். வெட்கம் எனக்கு அப்போது கிடையாது.

"மாமா, தைப்பூசம் வருசத்துக்கு ஒரு நாளு. பள்ளிக்கூடம் தெனமும் இருக்கு" என்றாள் கலாவதி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, என்னைய யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன். கிளட்சுக்குக் காலு எட்டணும். பெட்ரோல் கம்மியா குடிக்கணும். மாசத் தவணை என் சம்பளத்துக்குள்ள அடங்கணும். அப்புறம், ஓட்டறப்ப சிரிப்பு வரணும்."

"சிரிப்பு வர்றதுக்கு காடி என்ன கோமாளியா?" என்றார் மாமா.

"தெனம் அம்பது மைலு போய் வரப் போறேன் மாமா. அழுதுக்கிட்டே போகச் சொல்றீங்களா?"

அப்போதுதான் அவள் மூலைக்குப் போய் அட்டையைத் தூக்கினாள். மாமா விரல் விட்டுக் கூட்டினார். "எட்டு! அடியே, சனி! வா இந்தப் பக்கம்."

அவள் வரவில்லை. "எத்தனை மாசமா நிக்குது?" என்று என்னைக் கேட்டாள்.

"அஞ்சு மாசம்."

"அப்ப வெலையைக் கொறைங்க."

பத்தாண்டு அனுபவத்தில் சனியை வைத்துப் பேரம் பேசிய முதல் ஆள் அவள்தான்.

ஆனால் கடன் பத்திரத்தில் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ மைத்துனர் முகத்தையே பார்த்தார். கலாவதிக்குக் கையில் நேரமும் இல்லை. பஸ் அவளை முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து பள்ளிக்கு மூன்று மைல். தாமதமாக வந்ததற்கு இரண்டு கடிதம் வாங்கிவிட்டாள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

"போனா போகட்டுமே. கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்" என்றார் மாமா.

கலாவதி என்னிடம் சொன்னாள். "ரெண்டு காடியையும் பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டிப் பாக்கணும்."

டெஸ்ட் என்றால் யார்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு, அவ்வளவுதான் எங்கள் சட்டம். தவுக்கேயைப் பார்த்தேன். மஞ்சள் காடி யார்டை விட்டு வெளியே போகிறது என்று கேட்டதுமே அவர் தலையாட்டிவிட்டார்.

3. செம்மண் சாலை

கலாவதி மஞ்சள் காடியை எடுத்தாள். பக்கத்தில் அப்பா. பின்சீட்டில் என்னை மடித்து வைத்தார்கள். என் முழங்கால் என் தாடையோடு பேசிக்கொண்டு வந்தது. பின்னால் ஏழு பேர் உட்காரும் காடியை மாமா தனியாக ஓட்டி வந்தார்.

முச்சந்தியில் கலாவதி காடியை நிறுத்தினாள். "இங்கேருந்துதான் நடை" என்றாள். அப்பா அந்தச் சாலையைப் பார்த்தார். டிசம்பர் மழை. செம்மண் குழைந்து கிடந்தது.

உள்ளே ஒரு மைல் போனதும், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தது. ஒரு வண்டிக்கு மட்டுமே இடம் உள்ள சாலை; இரு பக்கமும் கால்வாய். சற்றுப் பின்னால் இடப்பக்கம் மரங்களுக்குள் போகும் ஒரு பாதை இருந்தது. கலாவதி ரிவர்ஸ் கியர் போட்டு, கழுத்தைத் திருப்பி, என் தலையைக் கையால் ஓரமாகத் தள்ளினாள். "கொஞ்சம் குனிங்கண்ணே, நீங்கதான் மறைக்கிறீங்க." ஒரே வளைப்பில் காடி மரங்களுக்கு நடுவே போய் நின்றது. அவள் சிரித்துவிட்டாள். கேட்ட சிரிப்பு வந்தாகிவிட்டது.

மாமாவும் ரிவர்ஸ் எடுத்தார். பெரிய காடி கொஞ்ச தூரம் கௌரவமாகப் போனது. பிறகு அதன் பின்சக்கரம் கால்வாயில் இறங்கியது. தைப்பூசத்துக்கு ஏழு பேர் ஏறவேண்டிய காடி வானத்தைப் பார்த்து நின்றது. என் கமிஷனும் கூடவே இறங்கியதை நான் மரங்களுக்குள் இருந்து பார்த்தேன்.

டிராக்டர்காரர் சங்கிலி எடுத்துக்கொண்டு இறங்கினார். மஞ்சள் காடிக்குள் எட்டிப் பார்த்து, "அட, டீச்சர்! இன்னிக்கு நடக்கலையா?" என்றார்.

அப்பா வெளியே வந்தார். "தெனமும் நடந்தா போறா?"

"மழையிலயும் நடப்பாங்கண்ணே. நான் பாத்தா ஏத்திக்கிட்டுப் போவேன். குலை மேலதான் ஒக்காருவாங்க. ஒரு நாளு முள்ளு குத்தி ரத்தம். சேலையில தொடைச்சுக்கிட்டு கிளாசுக்குப் போயிட்டாங்க."

அப்பா மகளைப் பார்த்தார். "ஏன்டி சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்க."

சங்கிலி மாட்டி, டிராக்டர் உறுமி, பெரிய காடி சேற்றோடு மேலே வந்தது. அப்பா அதைப் பார்க்கவே இல்லை.

"முப்பது வருசம்" என்றார், யாரிடமும் இல்லாமல். "விடிகால பெரட்டுல பேரு கூப்புடறப்ப ஒரு நாளுகூட நான் இல்லாம இருந்ததில்ல. என் மக லேட்டுன்னு கடுதாசி வாங்குறா." பிறகு என்னிடம், "பேப்பர எடு தம்பி. கையெழுத்து எங்க போடணும்?"

"மச்சான், நம்பரு! சனி கூடவே வருவான்!" என்று மாமா சேற்றுக் காலோடு ஓடி வந்தார்.

"வரட்டும். பின்சீட்டு இருக்குல்ல? இந்தத் தம்பியே ஒக்காந்து வந்துட்டாரு, சனி ஒக்கார மாட்டானா?"

4. மறுபடியும் சாவி

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது காடியைக் கொடுத்தோம். மாமா எலுமிச்சம்பழங்களோடு வந்தார். நாலு சக்கரத்துக்கு நாலு பழம்தான் வழக்கம். அவர் எட்டு கொண்டுவந்து முன்னும் பின்னும் வைத்தார். தவுக்கே தூரத்தில் நின்றபடி எல்லாவற்றையும் ஆமோதித்தார்.

பழக்க தோஷம், சாவியை அப்பாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஓட்டறவ அங்க நிக்கிறா" என்றார்.

கலாவதி கையில் சாவியை வைத்தேன். என் தொழிலில் ஒரு பெண்ணுக்கு நான் நேராகச் சாவி கொடுத்தது அதுதான் முதல் தடவை. இத்தனை புத்தகம் படித்தவன் அதுவரை கொடுக்காமல் இருந்ததற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை.

மூன்றாவது கடிதம் வரவில்லை. பள்ளி திறந்த முதல் நாள் வாட்ச்மேனுக்கு முன்பே போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே காடியில் உட்கார்ந்திருந்தாளாம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இளையவருக்குக் காடி காட்டும்போது ஓட்டப்போவது யார், எந்தச் சாலையில் என்று முதலில் கேளுங்கள். பிறகு அந்தச் சாலைக்கே கூட்டிப் போங்கள். கமிஷன் கால்வாயில் இறங்கினால் இறங்கட்டும்.

அந்த வருடத் தைப்பூசத்துக்கு அவர்கள் குடும்பம் வழக்கம்போல லாரியில் நின்றுகொண்டே பினாங்குக்குப் போனது. வேலு மாமாவுக்கு மட்டும் இடுப்பு வலி. மஞ்சள் காடியின் முன்சீட்டில் உட்கார்ந்து போனார்.