கடலடிப் பாறைக்கு ஆல்டரேஷன்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். கலஹா தேயிலைத் தோட்டத்தில் இருந்து பஸ் பிடித்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கற்களைப் பற்றிப் படித்தேன். கடைசி வருட ஆய்வு கடலடிப் பாறையைப் பற்றியது. கடல்தண்ணீர் தரை வெடிப்புகளுக்குள் இறங்கும். ஆழத்து நெருப்புக் குழம்பின் பக்கத்தில், மேலே கடலின் பாரம் அழுத்துவதால் கொதிக்காமலே பயங்கரமாகச் சூடேறும். தன்னிடமிருந்த மக்னீசியத்தைப் பாறைக்குக் கொடுத்து, பாறையின் கல்சியத்தை எடுத்துக்கொண்டு மேலே வரும். கறுப்புப் பாறை பச்சை பிடித்துவிடும்.

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் படித்தபோது கிடைத்த, கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய பாறைச் சீவல்களை என்னை நம்பித் தந்திருந்தார். வாய்மொழிப் பரீட்சைக்கு முந்திய ஒத்திகையில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் மாறிப்போச்சு எண்டுறீர். முந்தி என்ன இருந்தது எண்டு எப்பிடித் தெரியும்?"

புத்தகத்தில் இருந்ததை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன்.

"படிச்சதை விடும். நீர் கண்டதைச் சொல்லும்."

திரும்பவும் அதே ஆங்கில வரிகளையே தொடங்கினேன். அடுத்த கிழமை வாய்மொழிப் பரீட்சை. தேறினால் கண்டியில் ஒரு மண் சோதனைக்கூடத்தில் வேலை காத்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் அம்மா மலையேறிக் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிடலாம். முழங்கால் வீங்கியும் போய்க்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை, கட்டுகஸ்தோட்டையில் அக்கா வேலை செய்யும் தையல்கடைக்குப் போனேன். "ஹைட்ரோதேர்மல் ஆல்டரேஷன்" என்று, பாறையைச் சுடுதண்ணீர் மாற்றுவதன் ஆங்கிலப் பெயரை நான் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

"என்னாடா, நீயும் ஆல்டரேஷன்தானா? அதுக்கா இத்தன வருஷம் கெம்பஸ் போன? இங்க வந்திருந்தா நானே பழக்கியிருப்பேனே!"

கடை முதலாளியை நாங்கள் நானா என்போம். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வுடுங்க தங்கச்சி, தம்பி கடலுக்கே களிசான் தைக்கப் போறாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அக்கா ஒரு பள்ளிப்பிள்ளையின் நீலக் களிசானைப் பிரித்து இடுப்பைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். பழைய தையல் ஓடிய இடம் மட்டும் வெளிறாமல் கோடாக நின்றது.

"எத்தன தரம் அயன் பண்ணாலும் இந்தக் கோடு போவுதில்ல நானா. பிள்ளையோட அம்மா வந்து கத்தப்போறா."

நான் அவசரமாகப் போனில் இருந்த, பாறைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்து எடுத்த படத்தைத் திறந்தேன். பச்சைத் தாது தன்பாட்டில் வளர்ந்தால் இதழிதழாகப் பரவும். இதுவோ கூர்முனை வைத்த ஆறு பக்கத்துக்குள் அடங்கி நின்றது. அது கறுப்புப் பாறையில் முதலில் இருந்த ஒலிவின் என்ற தாதுப் பளிங்கின் உருவம். ஒலிவின் போய்விட்டது, அதன் எல்லை போகவில்லை. மாதக்கணக்காக அந்தப் படத்தை வைத்திருந்தும் நிறத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. எனக்கு வந்த எளிய ஆங்கிலத்தில், படத்தின் ஓரத்தை விரலால் ஓட்டிக் காட்டினேன். "ஓம், இதைத்தான் கேட்டனான்" என்றார் விரிவுரையாளர்.

தேறிவிட்டேன் என்று சொல்லி நன்றி சொல்லப் போன் எடுத்தால், "நான் என்னாடா செஞ்சேன்? கடையில ஆள் நிக்கிது, வையி" என்று அக்கா வெட்டிவிட்டாள்.

வேலை கிடைத்த பிறகு வந்த முதல் லீவு நாளில், அம்மா விடியவே எழுந்து உட்கார்ந்திருந்தார். மலைக்குப் போகத் தேவையில்லை, கைக்கு வேலையும் இல்லை.

"சும்மாதானே இருக்கேன். நீ படிச்சியே, அந்தக் கடத்தண்ணி பாறக்குள்ள போயி என்னா பண்ணுச்சுன்னு சொல்லேன், கேப்போம்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.