பெல்ட் கிடைத்தது, தம்பி கிடைக்கவில்லை

எண்பதுகளின் நடுவில், மாரி மழைக்கு முன்னால், வயல் வட்டைக்கு வேளாண்மை பார்க்கப் போன என் தம்பி திரும்பி வரவில்லை. சுட்டுத் தென்னந்தோட்டத்துக்குள் புதைத்துவிட்டார்கள் என்று கல்முனைச் சந்தை முழுக்கக் கதை. பொலிசுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. உம்மா கேட்டது ஒன்றுதான்: "மையித்தக் கொண்டா. நம்மட மையவாடியில அடக்கணும்."

மாரி முடியும்வரை பொலிசில் போய்க் கத்தினேன். கடைசியில் கண்ணிவெடி தேடும் மெஷினோடு ஓர் ஆமிக்காரனை அனுப்பினார்கள். அது இரும்புக்கும் பித்தளைக்கும் கத்தும். மனிசனுக்குக் கத்தாது.

"தம்பியில என்ன இரும்பு இருந்த?" என்று கூட வந்த பொலிஸ் சார்ஜன் கேட்டார்.

"சாரனுக்கு மேல பச்சைப் பெல்ட். பித்தளைப் பூட்டு."

தென்னந்தோட்டத்தில் மெஷின் கத்திய இடமெல்லாம் தோண்டினேன். மீன் டின், டிரக்டர் ஆணி, உடைந்த மண்வெட்டி.

"காக்கா, இரும்புக் கடை ஒண்டு போடலாம் போல" என்று என்னை அண்ணன் முறை சொல்லிச் சிரித்தார் சார்ஜன். மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பு நின்றது.

பின்னேரம் வாய்க்கால் ஓரத்தில் பெல்ட் வந்தது. சுருட்டி, உரப்பையில் கட்டிக் கிடந்தது. கீழே இடுப்பளவு தோண்டினேன். வெறும் மண், பிறகு தண்ணி. சுட்டவன் பெல்ட்டைச் சுருட்டி வைப்பானா?

வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரன் குந்தி அழுதான்.

"இனித் தோண்டாதங்க காக்கா. வாய்க்காலுக்குள்ள மையித்துக் கிடந்த. முகம் ஊதிப்போய் ஆரெண்டு தெரியா, நம்மட ஆள் எண்டு மட்டும் தெரிஞ்ச. நானும் தம்பிமாரும் குளிப்பாட்டி, வெள்ளத் துணி சுத்திக் கபனிட்டு, தொழுது, எங்கட மையவாடியில அடக்கின."

"பெல்ட்?"

"மத்தவன்ட அமானிதம், திருப்பிக் குடுக்க வேண்டிய பொருள். எறியவும் ஏலா. வீட்டுல வெச்சா எங்களப் புடிப்பானுகள்."

"ஏன்டா சொல்லல்ல?"

"சொன்னா என்னயும் இப்பிடித்தான் தேடணும்."

தூசணத்தால் ஏசினேன்.

அடுத்த நாள் அவன் ஊர் மையவாடிக்குப் போனோம். பயத்தில் தலைமாட்டில் அடையாளத்துக்கு மீசான் கட்டை நடவில்லையாம். மாரி வெள்ளம் எல்லாவற்றையும் மட்டமாக்கியிருந்தது. "இந்த மூண்டுல ஒண்டு" என்றான். மெஷினைக் கேட்கலாமா என்று யோசித்தேன். கபனுக்குள் என்ன இரும்பு இருக்கு?

பெண்கள் உள்ளே வரக்கூடாதென்று வேலிக்கு வெளியே நின்ற உம்மா கத்தினா: "எதுடா மனெ?"

நடுவில் இருந்ததைக் காட்டினேன். அது அவன்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அப்ப தள்ளி நில்லுடா, மிதிக்காத" என்றா உம்மா.